மங்கா எப்படி அனிமே ஆகுது? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல நின்னு யோசிக்கலாம் வாங்க!

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கு. கூட்ஸ் வண்டி ஒண்ணு ஆடி அசைஞ்சு போய்க்கிட்டிருக்கு. பெட்டிகளை எண்ணி அலுத்துப்போய் பைக்கை ஆஃப் பண்ணிட்டு போனை எடுக்கிற இளசுகளை எட்டிப் பாருங்க. யாராவது ஒருத்தர் ஸ்கிரீன்ல நிச்சயமா அனிமே ஓடும். 2025 செப்டம்பர் 12-ல் 'டெமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' தமிழ் டப்பிங்கோட தியேட்டருக்கே வந்துடுச்சு.

உங்க வீட்லயும் ஒரு பையனோ பொண்ணோ 'அனிமேஷன்தான் படிப்பேன்'னு நிக்கிறாங்களா? கோர்ஸுக்கு எத்தனை லட்சம்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி, மங்கா என்ற ஜப்பானிய காமிக்ஸ் எப்படி அனிமேஷனாக மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தொழிலில் எது கஷ்டம், எதைக் கத்துக்கணும்னு அதிலேயே புரிஞ்சிடும்.

முதல் சிக்கல், நேரம். இதே கேட்டை மங்காவில் வரைந்தால் ஒரு பக்கம் முழுக்க ரயில், ஓரத்தில் 'தடக் தடக்'னு எழுத்து, கீழே ஹீரோவோட கண்ணு மட்டும் ஒரு கட்டம். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை ரெண்டு செகண்டில் புரட்டுவதா, ஒரு நிமிஷம் பார்ப்பதா என்பது படிக்கிறவர் இஷ்டம். அனிமேஷனில் அதை இயக்குநர் முடிவு பண்ணியாகணும். சினிமா செகண்டுக்கு 24 ஃபிரேம். ஜப்பான்காரங்க பெரும்பாலும் ஒரே படத்தை மூணு ஃபிரேமுக்கு நிறுத்தி, செகண்டுக்கு 8 படத்தில் சமாளிப்பார்கள். அப்படிப் பார்த்தாலும் பத்து செகண்டுக்கு, அசையுற ஒரே ஒரு உருவத்துக்கு 80 படம் வேணும். கேட்ல நிக்கிற அத்தனை பேரையும் அசைய வெச்சா கணக்கைப் போட்டுக்கோங்க!

அப்போ கம்ப்யூட்டர்ல பண்ணிடலாமே? எதை என்பதில்தான் விஷயம். கூட்ஸ் பெட்டிகள் எல்லாம் ஒரே அச்சு. ஒண்ணை 3டி-யில் செஞ்சா ஐம்பதாக நகல் எடுக்கலாம். கேமராவை அதைச் சுத்திப் பறக்கவிடலாம். வெயில்ல கடுப்பாகி நிக்கிற அக்காவோட முகத்தைக் கையால் வரைவதுதான் நல்லது. யூஃபோடேபிள் ஸ்டூடியோ 'டெமன் ஸ்லேயர்'ல செஞ்சது கிட்டத்தட்ட இதைத்தான். தலைகீழா சுழலும் அந்தக் கோட்டை கம்ப்யூட்டர், அதுக்குள்ள சண்டை போடுற ஆட்கள் பெரும்பாலும் கை.

கோடு அடர்த்தியான மங்கா என்றால் இன்னும் சிரமம். கென்டாரோ மியூராவின் 'பெர்செர்க்'கைப் பாருங்கள். ஒரு கவசத்துக்கே நூற்றுக்கணக்கான கீற்றுகள். அத்தனையையும் ஒவ்வொரு படத்திலும் திரும்ப வரைய முடியாது. 1997 தொடர் அசையாத ஓவியங்களை வைத்துச் சமாளித்தது. 2016 தொடர் 3டி-க்குப் போய், பொம்மை மாதிரி இருக்குன்னு ரசிகர்களிடம் செமயா வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனா, 3டி-ன்னாலே மோசம்னு சொல்லிட முடியாது. அடுத்த வருஷமே வந்த 'லேண்ட் ஆஃப் த லஸ்ட்ரஸ்' முழுக்க 3டி, அதைக் கொண்டாடினார்கள். அதில் கதாபாத்திரங்களே ரத்தினக் கற்கள். கூந்தலில் ஒளி ஊடுருவி மின்னுவதைக் கையால் காட்டுவதுதான் கஷ்டம். கதைக்கு எது தேவையோ அதுதான் கருவி. நம்ம 'கோச்சடையான்' (2014) பார்த்தப்போ 'முகம் ஏன் இப்படி இருக்கு'ன்னு உறுத்தியிருந்தா, அதுவும் இந்தப் பிரச்னைதான்.

அப்புறம் கதை. 2,000 பக்கத்துக்கு மேல போன 'அகிரா' மங்கா முடிந்தது 1990-ல். படம் வந்தது 1988-ல்! எழுதி வரைந்த கட்சுஹிரோ ஓட்டோமோவே இயக்குநர் என்பதால் தன் கதையைத் தானே துணிஞ்சு வெட்டினார். வேற யாராவது வெட்டியிருந்தா சும்மா விட்டிருப்பாங்களா?

இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. 1960-களில் வந்த 'கியோஜின் நோ ஹோஷி' என்ற பேஸ்பால் மங்காவை, மும்பை ஏழைச் சிறுவன் கிரிக்கெட் ஆடும் கதையாக மாற்றி, 2012 டிசம்பரில் 'சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்' என்று கலர்ஸ் சேனலில் ஒளிபரப்பினார்கள். ஜப்பானும் இந்தியாவும் சேர்ந்து செய்த தொடர். ஊரையும் ஆட்டத்தையும் மாத்தினாலும், அப்பன் மகனைப் போட்டு வாட்டியெடுக்கிற அந்தக் கதையின் உயிரை விடவில்லை.

அதே மங்காவின் கதாசிரியர் இக்கி கஜிவாரா வேறு பெயரில் எழுதி, டெட்சுயா சிபா வரைந்தது 'ஆஷிடா நோ ஜோ'. டோக்கியோவின் கூலித் தொழிலாளர் குடியிருப்பில் வந்து சேரும் ஓர் அநாதைப் பையன் பாக்ஸர் ஆகும் கதை. 'சார்பட்டா பரம்பரை' பார்த்த வடசென்னைக்காரர்களுக்கு அந்த மண் புதுசாவே இருக்காது. 1970-ல் இதை அனிமேஷனாக்கிய ஒசாமு டெசாகி, உச்சக்கட்டத்தில் ஓட்டத்தை நிறுத்தி ஒரே ஓவியத்தில் உறைய வைத்துவிடுவார். படங்களின் எண்ணிக்கை மிச்சம். பார்க்கிறவருக்கோ அந்தக் குத்து நெஞ்சில் இறங்கும். என்னைக் கேட்டால், அனிமேஷன் படிக்க நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிரமாண்டத்தை அப்புறம் பாத்துக்கலாம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? சாஃப்ட்வேருக்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை. பிளெண்டர், ஓப்பன்டூன்ஸ் ரெண்டும் இலவசம். 2025-ல் ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' படம் பிளெண்டரில் செய்ததுதான். காசு கட்டிக் கத்துக்க வேண்டியது ஓவியமும் ஸ்டோரிபோர்டும். ஓவியத்துக்கு 1850-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் அனிமேஷனுக்கே நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. தனியார் கோர்ஸ்தான் என்றால், ஸ்டோரிபோர்டுக்கு எத்தனை வாரம் ஒதுக்குறாங்க, பழைய மாணவர்கள் செய்த வேலையைக் காட்டுவாங்களான்னு கேளுங்க. 'எல்லா சாஃப்ட்வேரும் சொல்லித்தருவோம்'னு மட்டும் பதில் வந்தா, வீட்டுக்கு வந்து யோசிங்க.

இன்னொண்ணு. பிடிச்ச மங்காவை வரைந்து பழகலாம், தப்பில்லை. அதையே படமாக்கி வெளியிட உரிமை வாங்கணும். அதனால வேலைக்குக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் சொந்தக் கதை இருக்கட்டும். பத்து செகண்ட் போதும். இந்த கேட்டையே எடுத்துக்கோங்க. ரயில் எப்போ வரணும், எவ்வளவு நேரம் போகணும், கேட் தூக்கினதும் யார் முதல்ல ஹாரன் அடிக்கிறாங்க என்பதை முதலில் பேப்பரில் கட்டம் கட்டமா வரைஞ்சு பாருங்க.