கிடுகு, அத்தாப்பு, முள்கம்பி: கோவில் வேலிக்குப் பின்னால் இருக்கும் சரித்திரம்

 

நம்ம ஆலயத்தின் பின்பக்க நந்தவனத்துக்கு மறைப்பு கட்டுவது பற்றி வரும் ஞாயிற்றுக்கிழமை செயலவைக் கூட்டத்தில் பேசப் போகிறோம். பால்குடத்துக்கும் தீமிதிக்கும் அங்கேதான் பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றிக்கொண்டு ஈர உடை மாற்றுகிறார்கள். பக்கத்துத் தாமான் ரோட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. அதனால மறைப்பு கண்டிப்பா வேணும், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மூணு யோசனை வந்திருக்கு: சிங்க் தகரம், பிளாஸ்டிக் இலை ஒட்டின வலை, நாணல் தட்டி.

தட்டி என்றதும் வாட்ஸ்அப்பில் ஒருத்தர் கேட்டார்: "இவ்வளவு செலவு செய்து திருப்பணி முடிச்சோம், இப்போ கோவிலைக் குடிசை மாதிரி ஆக்கணுமா?" நியாயமான கேள்விதான். அதுக்கு ரெண்டு வரியில் பதில் சொன்னால் சரியா இருக்காது. கொஞ்சம் பொறுமையா படியுங்க.

முதலில் குடிசை என்ற சொல்லைப் பார்ப்போம். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் இன்று எவ்வளவு கம்பீரமா நிற்குது! 1819-ல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸ் கூட வந்த நாராயண பிள்ளை முயற்சியில், 1827-ல் அது எழும்பினபோது மரமும் அத்தாப்பும்தான். செங்கல் கட்டடம் 1840-களில்தான் வந்தது. நம்ம கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலும் அப்படித்தான். 1873-ல் தம்புசாமி பிள்ளை குடும்பத்தார் தொடங்கினது. 1885-ல் இப்போது இருக்கிற இடத்துக்கு மாறினபோதும் அத்தாப்புக் கொட்டகைதான். 1887-ல் அதைப் பிரிச்சுட்டு செங்கல்லில் கட்டினாங்க. ஆக, நம்ம பெரிய ஆலயங்கள் இலைக்குள்ளே பிறந்தவை. குடிசை என்று சொல்லி நாம வெட்கப்பட ஒன்னுமில்லை.

அத்தாப்பு என்றால் என்ன? மலாயில் 'ஆத்தாப்' என்றாலே கூரை. ஆனால் நம்ம ஆளுங்க அந்தச் சொல்லை இலைக்கே பெயரா வச்சுட்டாங்க. ஆற்று முகத்துவாரத்தில், உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் வளர்கிற நிப்பா பனையின் ஓலை அது. ஐஸ் கச்சாங்கில் வழவழவென்று ஒரு காய் போடுவாங்களே, அத்தாப்சீ, அது இதே மரத்தின் காய்தான். ஓலையை நீள மூங்கில் குச்சி மேல மடிச்சு, பிரம்பு நாரால் தைத்தால் ஒரு பலகை மாதிரி வரும். அதை அடுக்கடுக்கா கட்டினால் கூரை. நிமிர்த்தி மூங்கில் காலில் கட்டினால் வேலி, மறைப்பு, குளியலறைச் சுவர் எல்லாம்.

நம்ம முன்னோர்களுக்கு இது புது வேலை இல்லை. ஊரில் தென்னை ஓலை முடைந்த கைகள் அவை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் கீற்று என்பார்கள், யாழ்ப்பாணத்தில் கிடுகு என்பார்கள். தென்னோலையை நடு மட்டையோடு ரெண்டாகப் பிளந்து, சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, பதம் வந்ததும் ஒன்று விட்டு ஒன்று முடைவார்கள். ஊறப்போடாத ஓலை காய்ஞ்சதும் உடையும். ஊறின ஓலை வளைஞ்சு கொடுக்கும், பூச்சியும் சீக்கிரம் அரிக்காது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கிடுகு வேலி ஊரின் அடையாளமாகவே இருந்தது. வீட்டுக்கு வீடு வேலி, ஒழுங்கைக்கு ரெண்டு பக்கமும் வேலி. அதில் ஒரு புத்திசாலித்தனம் பாருங்க. வேலிக்கு நடுகிற கதியால் செத்த கட்டை இல்லை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு மாதிரி வெட்டி நட்டால் துளிர்க்கிற மரம். அதனால் கால் உளுத்துப் போகாது. நிழல் கிடைக்கும், குழை வயலுக்கு உரம் ஆகும். உக்கிப்போன கிடுகும் தோட்ட மண்ணுக்கே போகும். எதையும் குப்பையில் வீசுவதில்லை. அங்கிருந்து ரயில்வேக்கும் கிராணி வேலைக்கும் மலாயா வந்தவர்கள்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோவிலைக் கட்டினாங்க.

இப்போ தோட்டத்துக்கு வருவோம். நம்மில் பாதிப்பேருக்கு மேல் தாத்தா பாட்டி தோட்டத்தில் இருந்தவங்க. 1907-ல் தமிழர்களைக் கொண்டுவர நிதி ஒன்றே ஏற்படுத்தி, 1938-ல் இந்திய அரசு நிறுத்துகிற வரைக்கும் கப்பல் கப்பலா ஆள் வந்தது. வந்தவர்களுக்குக் கிடைத்தது லயம். நீள வரிசையில் ஒட்டின அறைகள், ஒரே பொது வராந்தா, பொதுக் குழாய். ஒரு அறைக்குள்ளே ஒரு குடும்பம். சமைக்கிறதும் படுக்கிறதும் வயசுப் பிள்ளை உடை மாத்துறதும் எல்லாம் அதே இடம். குளிக்கப் போனால் ஊரே பார்க்கும்.

துரை பங்களாவில் மட்டும் நிலைமை வேற. அங்கே வராந்தா முழுக்க மூங்கில் தட்டி தொங்கும், மலாயில் 'பிடாய்' என்பார்கள். சாயந்தர வெயிலும் படாது, உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவர் பார்க்கவும் முடியாது, காற்று மட்டும் வரும். பங்களாவுக்கு மறைப்பை முதலாளி கொடுத்தார். லயத்துக்கு யாரும் கொடுக்கவில்லை. நம்ம பெண்கள் தாங்களே கட்டிக்கிட்டாங்க.

எங்க பாட்டி சொல்லுவாங்க, புதுசா கல்யாணமாகி லயத்துக்கு வந்த பெண்ணுக்கு மாமியார் முதலில் செய்து தருவது ஓலை மறைப்புத்தான் என்று. நாலு மூங்கில் கால், சுற்றி முடைஞ்ச ஓலை, உள்ளே ஒரு கல், ஒரு தகர வாளி. அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு சுவரும் ஒரு பெண்ணுக்கு மானம். தென்னோலை ரெண்டு வருஷம் தாங்கினாலே பெரிசு, நிப்பா கொஞ்சம் கூட வரும். கிழிஞ்சால் ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்தார் சேர்ந்து மாற்றுவார்கள். பக்கத்தில் செம்பருத்திக் குச்சி ஊன்றிவிடுவார்கள், பூ அம்மனுக்குப் போகும். அந்தச் செம்பருத்திதான் 1960-ல் புங்கா ராயா என்று நாட்டின் தேசிய மலர் ஆனது.

அதே காலத்தில் இன்னொரு வேலியும் வந்தது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவித்தார்கள். 1950-லிருந்து பிரிக்ஸ் திட்டம். காட்டோரம் இருந்தவர்களை, பெரும்பாலும் சீனர்களை, சுமார் 5 லட்சம் பேரை, புதுக்கிராமங்களில் கொண்டுவந்து முள்கம்பிக்குள் வைத்தார்கள். தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் வேலை செய்தவர்கள் பல லட்சம் பேரை அங்கங்கே ஒன்று சேர்த்து, லயத்தைச் சுற்றியும் முள்கம்பி அடித்தார்கள். வேலிக்கு வெளியே செடி கொடியெல்லாம் வெட்டித் துப்புரவாக்கினார்கள். ஏன்? காவலுக்கு நிற்பவன் கண்ணுக்கு மறைவே இருக்கக் கூடாது. காலையில் மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி, காட்டுக்கு அரிசி போகுதா என்று சோதனை. இது 1960 ஜூலை 31-ல் அவசரகாலம் முடியும் வரைக்கும் நம்ம பெரியவர்கள் வாழ்ந்த வாழ்க்கை.

இந்த ரெண்டு வேலியையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பாருங்க. ஓலை வேலி உள்ளே இருப்பவருக்காக உள்ளே இருப்பவரே கட்டினது, அடுத்தவர் பார்வையைத் தடுக்க. முள்கம்பி வெளியே இருப்பவர் கட்டினது, உள்ளே இருப்பவரை நல்லா பார்க்க. வேலியே பயிரை மேய்ஞ்ச கதை என்று நாம சொல்வோம். மலாய்க்காரர்களும் அப்படியே சொல்வார்கள்: 'ஹாராப்கான் பாகார், பாகார் மாகான் பாடி.' வேலியை நம்பினேன், வேலியே நெல்லைத் தின்னுச்சு. ரெண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே அனுபவம் போல!

சரி, அப்படி நல்ல ஓலையை ஏன் விட்டோம்? முதல் காரணம் நெருப்பு, இதை மறைத்துப் பேசினால் தப்பு. 1961 மே 25, சிங்கப்பூர் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்தது. அத்தாப்பு வீடுகள் நெருக்கமா இருந்ததால் ஒன்னிலிருந்து ஒன்னுக்குத் தாவி, சுமார் 16,000 பேர் வீடு இழந்தார்கள், நாலு பேர் உயிர் போனது. அதுக்கு முந்தின வருஷம்தான் தொடங்கியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அதே இடத்தில் அடுக்குமாடி கட்டிக் கொடுத்தது. ரெண்டாவது காரணம் எலி, கரையான், மழையில் உக்கிப்போவது. மூணாவது, ஓலை முடையத் தெரிஞ்ச கை குறைஞ்சு போச்சு. அதனால சிங்க் தகரம் வந்தது. ஒரு தடவை போட்டால் பல வருஷம். யாரையும் குறை சொல்ல முடியாது.

இந்த இடத்தில் வேலி பற்றி இன்னொரு உண்மையையும் சொல்லணும். தோட்டத்தில் கோவில் கட்டின நம்ம பெரியவர்கள், சுற்றி வேலி போட்டுட்டால் இடம் அம்மனுக்குச் சொந்தம் என்று நம்பினாங்க. துரையும் வாயால் சரி என்றார். ஆனால் நம்ம நாட்டு 1965 தேசிய நிலச் சட்டப்படி, எத்தனை வருஷம் ஒரு இடத்தில் இருந்தாலும், வேலி போட்டுப் பராமரித்தாலும், அதனால் மட்டும் நிலம் நமக்கு வராது. பட்டா பெயர் யாருடையதோ அவருக்குத்தான். தோட்டம் துண்டாகி தாமான் ஆனபோது எத்தனை கோவில்கள் இதனால் தவிச்சதுன்னு உங்களுக்கே தெரியும். அதனால தகரம் போட்டாலும் தட்டி போட்டாலும், வேலி வேற, நிலப் பத்திரம் வேற. சங்கத்தில் இளைஞர்கள் அந்தப் பத்திர வேலையைத் தொடர்ந்து பார்க்கணும். வேலி மறைப்புக்கு மட்டும்தான்.

இனி நம்ம மூணு யோசனைக்கு வருவோம். தகரம் கட்டினால் மறைப்பு முழுசா இருக்கும். ஆனால் பகலில் அனல் அடிக்கும், துளசியும் மல்லியும் வாடும், புயல் காற்றில் முழுத் தகரமும் பாய் மாதிரி காற்றை வாங்கும், கால் சாயும். பிளாஸ்டிக் இலை முதலில் பச்சையா இருக்கும். நம்ம வெயிலில் வெளுத்து, நொறுங்கி, துகள் துகளா நந்தவன மண்ணில் விழும். நாணல் தட்டி மெல்லிய தண்டுகளை நெருக்கமா கம்பியால் பின்னின சுருள். பார்வை போகாது, காற்று போகும்.

நான் ஃபேக்டரியில் தீப்பாதுகாப்பு பார்க்கிறவன், அதனால் நிபந்தனையோடுதான் சொல்கிறேன்:

1. விளக்கு, கற்பூரம், ஓமகுண்டம், தீமிதிக் குழி இவற்றுக்குப் பக்கத்தில் தட்டி வரவே கூடாது. அந்தப் பக்கம் செங்கல் சுவர்தான். தட்டி பக்கம் தீயணைப்பான் ஒன்றும் தண்ணீர்க் குழாய் ஒன்றும் இருக்கணும்.

2. தட்டி தரையைத் தொடக் கூடாது. மூணு நாலு அங்குலம் தூக்கிக் கட்டணும். ஈரமும் கரையானும் கீழிருந்துதான் ஏறும். காலுக்குத் துருப்பிடிக்காத இரும்புக் குழாய்.

3. மூங்கில் கால் போட்டால் மேல் வாயைக் கணுவை ஒட்டி வெட்டணும், இல்லைன்னா மணல் போட்டு அடைக்கணும். வெட்டின மூங்கில் வாயில் தேங்கும் மழைத் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டை இடும். டெங்கி வந்தால் அபராதத்தை விட உயிர் பெரிசு.

4. இது முக்கியம். தட்டி கட்டுற அன்றைக்கே அதை ஒட்டி உள்பக்கம் செம்பருத்தி ஊன்றணும், இடையிடையே சங்குப்பூக் கொடி. நம்ம மழைக்கு ரெண்டு வருஷத்தில் ஆள் உயரம் வந்துடும். தட்டி பழசாகும்போது செடியே வேலியாகி நிற்கும். யாழ்ப்பாணத்துக் கதியால் கணக்கு இதுதான்.

அப்புறம் தினமும் அர்ச்சனைக்குப் பூ வெளியே வாங்க வேண்டியதும் குறையும்.

பக்தர்களே, இதில் நான் சொல்வதுதான் முடிவு என்று இல்லை. செயலவை எதைத் தீர்மானித்தாலும் கட்டுகிற வேலைக்கு நான் வருவேன். ஆனால் முடிவு எடுக்கும்போது, அந்த மறைப்புக்குள்ளே நிற்கப் போகிற நம்ம அம்மா, அக்கா, தங்கச்சிமாரிடம் முதலில் கேளுங்க. கூட்டத்தில் எப்பவும் ஆம்பிளைங்கதான் பேசுகிறோம். லயத்தில் அந்த ஓலை மறைப்பைக் கட்டினவர்கள் பெண்கள். இந்த வேலி எவ்வளவு உயரம், வாசல் எந்தப் பக்கம், உள்ளே உட்காரக் கல் வேணுமா என்று அவங்களுக்குத்தான் தெரியும். அதனால் ஞாயிறு காலை 10 மணிக்கு மகளிர் பிரிவு முழுசா வரணும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் 70, 80 வயசுப் பெரியவர்கள் இருந்தால், ஓலை முடையத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்க. தெரிஞ்சால் கோத்தோங் ரோயோங் அன்றைக்குக் கூட்டிட்டு வாங்க. தென்னோலை நாம கொண்டு வந்து ஊறப்போட்டு வைக்கிறோம். அம்மன் சந்நிதிப் பந்தலுக்கு ஒரு கீற்றாவது நம்ம பிள்ளைகள் கையால் முடையட்டும்.

அம்மன் துணை.