மென்மரத்தின் மேல் வன்மரம்

இலண்டனில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர், விக்டோரியா காலத்து வீடொன்றை வாங்கியிருக்கிறார். அவ்வீட்டு முன்னறையின் தளம் பழைய பைன் பலகைகளால் ஆனது. அதன்மேல் ஓக் முகம் கொண்ட அடுக்குப் பலகைகளைப் பதிக்க எண்ணியவர், "நூறாண்டுப் பழமையை மூடுவது பிழையாகாதா?" என்று நம்மிடம் கேட்டு எழுதினார். விடை தேடியபோது, அப்பலகைகளின் வரலாறே விரிந்தது.

அவை பெரும்பாலும் ஆங்கில மண்ணில் விளைந்தவை அல்ல. நார்வே, சுவீடன், ரஷ்யா ஆகிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தவை. நெப்போலியன் போர்க்காலத்தில் பால்டிக் மரத்தின் மீது வரி உயர்ந்ததால் கனடா மரம் பெருகியது. 1866இல் மரவரி முற்றிலும் நீக்கப்பட்டது. தேம்ஸ் கரையின் சர்ரே துறைமுகமே இவ்வணிகத்தின் களம். 1940 செப்டம்பர் 7ஆம் நாள் விழுந்த ஜெர்மானியக் குண்டுகளால் அங்கே குவிந்திருந்த மரம் பெருந்தீயாய் எரிந்தது. கனடா, கிரீன்லாந்து, ரஷ்யா என்னும் பெயர்கள் மட்டும் அப்பகுதியில் இன்றும் வழங்குகின்றன.

அந்தப் பைன் பலகைகள் பார்வைக்கு உரியனவாகக் கருதப்படவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. நடுவே கம்பளம் விரித்து, வெளியே தெரியும் ஓரங்களுக்கு மட்டும் கருஞ்சாயம் பூசினர். 1863இல் பிரடெரிக் வால்டன் காப்புரிமை பெற்ற லினோலியமும் பின்னர் அவற்றை மூடியது. மென்மரத்தை மெருகேற்றிக் காட்டுவது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய சுவை.

மேலே வரவிருக்கும் புதுப்பலகையும் அவ்வடபுலத்ததே. ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்குவது மரத்தின் இயல்பு. அடுக்குகளின் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் ஒன்றின் அசைவை மற்றொன்று தடுக்கும். இம்முறையில் அமைந்த தளத்திற்குச் சுவீடனின் நிப்ரோ ஊரைச் சேர்ந்த கேர்ஸ் நிறுவனம் 1941இல் காப்புரிமை பெற்றது. இத்தகைய பலகையில் சில மில்லிமீட்டர் கனமே ஓக். அடியில் இருப்பது பலவேளைகளில் மென்மரமே. மேலே வன்மரம், கீழே மென்மரம் என்னும் அதே அமைப்பு ஒரு பலகைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

ஆகவே நாம் எழுதிய விடை இது: மூடலாம், ஆனால் பழைய பலகைமேல் பசையிட்டு ஒட்ட வேண்டாம். ஒன்றோடொன்று கோத்து மிதக்கவிடும் வகையைத் தேர்ந்து, பழைய பலகைகளுக்குக் குறுக்காகப் பதியுங்கள். ஆடும் பலகைகளை முதலில் திருகாணியால் இறுக்குங்கள். வெளிச்சுவரில் உள்ள காற்றுத்துளைச் செங்கற்களை அடைத்துவிடாதீர்கள். தளத்தின் அடியில் காற்று நின்றால் பூஞ்சை படர்ந்து, உத்தரங்களே உளுத்துப்போகும்.

மூடுவது பிழையன்று. பின்வருவோர் திறந்து பார்க்க முடியாதபடி மூடுவதே பிழை.