ஆழம் தந்த போதை

கள் குடித்தவனுக்கு மயக்கம் வருவதில் அதிசயம் இல்லை. காற்றைக் குடித்தவனுக்கும் அதே மயக்கம் வரும் என்றால் நம்புவீர்களா? நாம் இந்த நிமிஷம் சுவாசித்துக் கொண்டிருக்கும் இதே காற்றைத்தான் சொல்கிறேன். நூற்றுக்கு 78 பங்கு அதில் நைட்ரஜன். தரைமேல் அது பரம சாது. மூச்சோடு உள்ளே போகும், வெளியே வரும், ஒரு வம்புக்கும் போகாது. ஆனால் கடலுக்குள் இறங்கும்போது ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. 30 மீட்டர் ஆழத்தில் தரையில் உள்ளதைப்போல் நாலு மடங்கு. முழுகுகிறவனுக்குக் கொடுக்கும் காற்றையும் அதே அழுத்தத்தில் கொடுத்தால்தான் அவன் மார்பு விரியும். அந்த நெருக்கத்தில்தான் சாது மிரள ஆரம்பிக்கிறது.

அழுத்தமான காற்றைச் சுவாசித்தவர்களின் பேச்சும் கற்பனையும் குடித்தவர்களுடையதைப்போல் துள்ளுவதை 1830-களிலேயே ஜூனோ என்ற பிரெஞ்சுக்காரர் கவனித்துவிட்டார். காரணம் புரியத்தான் நூறு வருஷம் ஆயிற்று. மூடிய இடத்தைக் கண்டு மனசு பயப்படுவதுதான் காரணம் என்றார்கள் சிலர். பிராணவாயு அதிகமாகிவிடுகிறது என்றார்கள் வேறு சிலர். 1935-ல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயும் அவருடைய சகாக்களும் குற்றவாளி நைட்ரஜன்தான் என்று எடுத்துக் காட்டினார்கள். 1939-ல் ‘ஸ்குவாலஸ்’ என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் 74 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. 33 பேரை உயிரோடு மீட்ட பிறகு, கப்பலை மேலே கொண்டுவர முழுகியவர்களுக்கு நைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியம் கலந்த வாயுவைக் கொடுத்தார்கள். புத்தி தெளிவாக இருந்தது; வேலை நடந்தது.

பிரான்ஸின் தென்கரையில் நடந்த கதை இதைவிட என் மனத்தைத் தொட்டது. 1943-ல் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் காஞ்யான் என்ற என்ஜினீயரும் சேர்ந்து, முதுகில் கட்டிக்கொண்டு மீனைப்போல் திரியக்கூடிய சுவாசக் கருவியைச் செய்து முடித்தார்கள். அந்த வருஷம் அக்டோபரில் கூஸ்தோவின் நண்பர் பிரெடெரிக் தூமா ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆழத்தில் இறங்கினார். போகப்போக இன்பமான மயக்கம். இனி முடியாது என்று தோன்றிய இடத்தில் இடுப்பில் கட்டியிருந்த ஈயப் பட்டையைக் கயிற்றில் கட்டிவிட்டு மேலே வந்தார். 30 மீட்டரைத்தான் எட்டியிருப்போம் என்று அவருக்கு நிச்சயம். கயிற்றை இழுத்து அளந்தார்கள். பட்டை இருந்தது 62 மீட்டரைத் தாண்டி!

இதைப் படித்தபோது நான் பக்கத்தைத் திருப்பாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். குடிகாரன் தெருவை மட்டுமா மறக்கிறான்? தான் குடித்திருப்பதையே அல்லவா மறக்கிறான்! ஆழத்தின் போதை முதலில் தொடுவது கையையும் காலையும் அல்ல, அளந்து பார்க்கிற புத்தியை. எல்லோருக்கும் அது இன்பமாகவும் வருவதில்லை. ஒருவனுக்கு உல்லாசம், இன்னொருவனுக்குக் காரணமில்லாத கிலி. ஆழத்தில் காற்று கெட்டியாகிவிடுவதால் மூச்சை வெளியே தள்ளுவதே பிரயாசை. கரியமில வாயு உடம்பில் தேங்குகிறது. அது போதையையும் கூட்டுகிறது, மூச்சு முட்டுகிற உணர்ச்சியையும் கிளப்புகிறது. கிலி பிடித்தவன் வேகவேகமாய் மூச்சு வாங்குவான். அதனால் திணறல் மேலும் வளரும். காற்று வந்துகொண்டிருக்கும் குழாயையே வாயிலிருந்து பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு.

கூஸ்தோவின் கூட்டத்தில் மோரிஸ் பார்க் என்று ஒருவர் இருந்தார். 1946 ஆகஸ்டில் வோக்ளூஸ் என்ற ஆழமான ஊற்றுக்குள் கூஸ்தோவும் தூமாவும் இறங்கினார்கள். காற்றை அடைத்த யந்திரம் தன் புகையையே திரும்ப உறிஞ்சிச் சிலிண்டரில் அடைத்திருந்தது. அது யாருக்கும் தெரியாது. விஷப் புகையால் இருவருக்கும் உள்ளே புத்தி தடுமாறிவிட்டது. கயிற்றின் மேல்நுனி பார்க்கின் கையில். கீழிருந்து வந்த இழுப்புகள் விளங்காமல் முதலில் அவர் மேலும் கயிற்றை விட்டார். பிறகு, ஏதோ விபரீதம் என்று தீர்மானித்து இழுத்தார். இருவரும் பிழைத்தார்கள்.

அடுத்த வருஷம் செப்டம்பர் 17. துலோன் கடலில் ஆழத்தின் எல்லையைச் சோதிக்கும் முயற்சி. கயிற்றில் அங்கங்கே பலகைகள் கட்டியிருந்தார்கள். இறங்குகிறவர் எட்டிய பலகையில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் தடவை இறங்கியவர் பார்க். ‘எல்லாம் சரி’ என்று கயிற்றின் வழியாகச் சைகை வந்துகொண்டிருந்தது. மூன்று நிமிஷத்துக்குள் சைகை நின்றது. மேலே இருந்தவர்கள் கயிற்றை இழுத்தார்கள். ஒருவர் குதித்து எதிர்கொண்டார். 45 மீட்டரில் அவருடைய உடல்தான் தட்டுப்பட்டது. சுவாசக் குழாய் வாயில் இல்லை. மணிக்கணக்காக முயன்றும் உயிர் திரும்பவில்லை. சுமார் 120 மீட்டர் ஆழத்துப் பலகையில் அவர் கையெழுத்து இருந்தது.

நான் கதை எழுதுகிறவன். என் பாத்திரம் ஒன்று இப்படிச் சாகவேண்டியிருந்தால், கடைசி நிமிஷத்தில் ஒரு பயத்தை, ஒரு ஞாபகத்தை, மனைவியின் முகத்தை வைத்திருப்பேன். ஒருவேளை அங்கே எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாம், சுகமாகக்கூட இருந்திருக்கலாம். ‘எல்லாம் சரி’ என்ற அந்தச் சைகை பொய் அல்ல. அனுப்பியவருக்கு அது சத்தியம். அதுதான் இதில் பயங்கரம். வோக்ளூஸில் இருவர் பிழைத்தது, தெளிந்த புத்தியுள்ள ஒருவர் மேலே இருந்து தீர்ப்புச் சொன்னதால். துலோனில் அந்தத் தீர்ப்பைக் கீழே இருந்தவரிடமே விட்டிருந்தார்கள்.

அழுத்தக் காற்றோடு போகக்கூடிய கடைசி எல்லை சுமார் 90 மீட்டர் என்று கூஸ்தோவின் கூட்டத்தார் பிற்பாடு முடிவு செய்தார்கள். இன்று பொழுதுபோக்குக்காக முழுகுகிறவர்களுக்கு 40 மீட்டர்தான் வரம்பு. அதற்கும் கீழே போகிறவர்கள் ஹீலியம் கலந்த வாயுவைக் கொண்டு போகிறார்கள். நைட்ரஜன் மூளையை எப்படி மயக்குகிறது என்ற விஞ்ஞானச் சர்ச்சை மட்டும் இன்னும் முற்றிலும் தீரவில்லை.

மருந்து என்னவோ ரொம்பச் சுலபம். சில மீட்டர் மேலே வந்தால் போதும், தலைவலிகூட இல்லாமல் தெளிந்துவிடும். ஆனால் மேலே வரவேண்டும் என்று தோன்ற வேண்டுமே! அது தோன்றாது என்பதனால்தான், எவ்வளவு ஆழம், எத்தனை நிமிஷம் என்பதைப் படகில் இருக்கும்போதே தீர்மானித்து, நண்பனிடமும் சொல்லிவிட்டு இறங்கச் சொல்கிறார்கள். தண்ணீருக்குள் போனபின் அந்தத் தீர்மானத்தை மாற்றும் உரிமை இறங்கியவனுக்குக் கிடையாது.