பும்தேஸ்: இந்தோனேசியக் கிராமத் தொழில் நிறுவனம்

பும்தேஸ் என்பது இந்தோனேசியக் கிராமம் ஒன்று தன் சொத்திலிருந்து தனியே பிரித்து ஒதுக்கிய முதலைக் கொண்டு நடத்தும் தொழில் நிறுவனம். முதல் முழுவதுமோ அதன் பெரும்பகுதியோ கிராமத்துக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்றது 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டம். குடிநீர், சந்தை, சிறுகடன், சுற்றுலா, குப்பை அகற்றுதல் என ஊருக்கு ஊர் தொழில் வேறுபடும்.

வட்டார நிர்வாகம் குறித்த 2004ஆம் ஆண்டின் 32ஆம் எண் சட்டத்தில் இதற்கு இடம் இருந்தும், பத்தாண்டுகள் பெரிய அசைவு இல்லை. 2014இல் வந்த கிராமச் சட்டம் (எண் 6) இதற்கெனத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. லாபத்தைத் தொழில் விரிவாக்கத்துக்கும் ஊர் மேம்பாட்டுக்கும் ஏழைகளுக்கான உதவிக்கும் செலவிட வேண்டும் என்றும் அது வரையறுத்தது. மறு ஆண்டு முதல் மத்திய அரசின் 'டானா டேசா' எனும் கிராம நிதி ஊர்க் கணக்குக்கு வரத் தொடங்கியது. முதலாண்டில் 20 லட்சம் கோடி ரூப்பியாவுக்குச் சற்று மேல். 2019இல் 70 லட்சம் கோடி.

பணம் வந்ததும் நிறுவனங்கள் பெருகின. 2021 இறுதியில் எண்ணிக்கை 57,000ஐத் தாண்டிவிட்டதாக அரசு அறிவித்தது. இவற்றில் பல பெயர்ப்பலகையோடு நின்றவை. ஊரில் என்ன தொழில் எடுபடும் என்று பாராமல், மேலிடம் கேட்டதற்காகத் தொடங்கினால் வேறென்ன நடக்கும்? சில இடங்களில் ஊர்க்காரர் வைத்திருந்த மளிகைக் கடைக்கே பும்தேஸ் கடை போட்டியாக முளைத்தது. கிராமத் தலைவர் மாறியதும் மேலாளரும் மாறுவது இன்னொரு தொல்லை.

எடுபட்டதற்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது மத்திய ஜாவாவின் கிளாத்தென் மாவட்டத்திலுள்ள போங்கோக். அங்குள்ள ஊற்றுக்குளம் ஒருகாலத்தில் ஊரார் குளிக்கவும் துவைக்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் பயன்பட்டது. 2009இல் தொடங்கிய 'தீர்த்தா மண்டிரி' பும்தேஸ் அதைச் சுற்றுலாத் தலமாக்கியது. தெளிந்த நீரின் அடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்து மீன்கள் சூழப் படம் எடுத்துக்கொள்ளப் பயணிகள் கட்டணம் செலுத்துகிறார்கள். கிராமச் சட்டத்துக்கும் கிராம நிதிக்கும் முந்திய முயற்சி இது என்பதைக் கொள்கை வகுத்தவர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

சட்ட ஆளுமை இல்லாதது நெடுநாள் குறையாக இருந்தது. தன் பெயரில் ஒப்பந்தம் போடவும் வங்கிக் கடன் வாங்கவும் பும்தேஸ் திண்டாடியது. அதற்கென்றே கீழே தனிக் கம்பெனி தொடங்க வேண்டியிருந்தது. 2020இன் வேலைவாய்ப்பு உருவாக்கச் சட்டம் (எண் 11) பும்தேஸைச் சட்ட ஆளுமை கொண்ட அமைப்பாக அங்கீகரித்தது. விரிவான விதிகள் 2021ஆம் ஆண்டின் 11ஆம் எண் அரசாணையில் உள்ளன. அதன்படி 'முஷவாரா டேசா' எனும் ஊர்க்கூட்டம் முடிவெடுக்க வேண்டும். கிராம ஒழுங்குவிதி அதை உறுதிசெய்ய வேண்டும். பின்னர் மின்னணுப் பதிவுச் சான்றிதழ் கிடைத்ததும் சட்ட ஆளுமை வருகிறது. உச்ச அதிகாரம் ஊர்க்கூட்டத்துக்கு. அன்றாட நிர்வாகம் இயக்குநருக்கு. அவருக்கு மேல் கண்காணிப்பாளர். கிராமத் தலைவர் ஆலோசகர். ஏட்டில் இந்தப் பிரிப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஊர்க்கூட்டத்தைக் கூட்டி வரவுசெலவைக் கேள்வி கேட்கும் பழக்கம் இல்லாத இடத்தில் ஆலோசகரே முதலாளி ஆகிவிடுவார்.

2025இல் நிலைமை மேலும் சிக்கலானது. கிராம நிதியில் குறைந்தது 20 சதவீதத்தை உணவுப் பாதுகாப்புக்கு ஒதுக்கி, அதை பும்தேஸ் போன்ற ஊர் அமைப்புகளின் வழியே செலவிடும்படி கிராம அமைச்சகம் வழிகாட்டியது. அதே ஆண்டில் அதிபர் பிரபோவோ சுபியாந்தோ நாடெங்கும் 80,000 'மேரா புத்தி' கூட்டுறவுச் சங்கங்களை அமைக்க ஆணையிட்டார். சங்கம் உறுப்பினர்களுக்குச் சொந்தம். பும்தேஸோ ஊருக்குச் சொந்தம். ஆனால் மளிகை, உரம், சமையல் எரிவாயு, சிறுகடன் எனப் பல இடங்களில் இரண்டும் ஒரே தொழிலில் மோதுகின்றன. இரண்டிலும் கிராமத் தலைவருக்குப் பதவிவழி இடம் உண்டு: பும்தேஸில் ஆலோசகர், கூட்டுறவில் கண்காணிப்புக் குழுத் தலைவர்.