உங்க குரூப்பில் கேரளா வந்தா என்ன செய்வீங்க? ஃபுட்பால் நாக் அவுட்டுக்கு டீமை எப்படித் தேர்ந்தெடுக்கணும்?

கருக்களாச்சேரி கடற்கரை மணலில் சாயங்காலம் பந்து உதைக்கிற ஒரு பையனை நினைச்சுக்கோங்க. நல்லா ஆடுறான். காரைக்கால் காலேஜில் சேர்ந்து, சுமார் 130 கி.மீ. தள்ளியிருக்கிற புதுச்சேரி வரைக்கும் அலைஞ்சு, சந்தோஷ் டிராபிக்கான புதுச்சேரி டீமில் இடமும் பிடிச்சுட்டான். கனவு நனவாச்சுன்னு நினைப்பீங்க. ஆனா, அந்தத் தொடரில் அவனுக்குக் கிடைக்கப்போவது மூணே மூணு மேட்ச்சா இருக்கலாம்.

2024 நவம்பரில் அதுதான் நடந்தது. சந்தோஷ் டிராபி தகுதிச்சுற்றில் கேரளா, ரயில்வேஸ், லட்சத்தீவு, புதுச்சேரி நாலும் ஒரே குரூப். மேட்ச்கள் கோழிக்கோட்டில், அதாவது கேரளாவின் சொந்த மண்ணில். கேரளா ரயில்வேஸை 1-0, லட்சத்தீவை 10-0, புதுச்சேரியை 7-0 என ஜெயித்தது. மூணு மேட்ச்சில் 18 கோல் அடித்து, ஒரு கோல்கூட வாங்கவில்லை. 20-ம் தேதி ஆரம்பித்த குரூப் 24-ம் தேதி முடிந்தது. மற்ற மூணு டீமும் வீட்டுக்கு!

ஏன்னா, அந்த வருஷ விதி அப்படி. ஒன்பது குரூப், ஒவ்வொன்றிலும் முதலிடம் பிடிக்கும் டீம் மட்டும் மெயின் ரவுண்டுக்கு. அதோடு போட்டியை நடத்தும் தெலங்கானா, முந்தைய ஃபைனலில் ஆடிய சர்வீசஸ், கோவா. மொத்தம் 12. ரெண்டாவது இடத்துக்கு ஒண்ணும் கிடையாது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அதுக்கு முந்தைய சீசனில் ஆறு குரூப்தான். குரூப் வின்னர்களோட, ரெண்டாவது இடம் பிடித்ததில் சிறந்த மூணு டீமும் உள்ளே போகலாம். அந்தப் பின்வாசல் வழியா உள்ளே போன டீம்களில் ஒண்ணு கேரளா! கோவாவிடம் 0-1 எனத் தோற்று ரெண்டாவது இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. அடுத்த வருஷம் அதே 0-1 கணக்கில் கேரளாவிடம் ரயில்வேஸ் தோற்றபோது அந்த வாசல் மூடியிருந்தது. ரயில்வேஸைச் சாய்த்த அந்த கேரளா ஃபைனல் வரைக்கும் போய், 2024 டிசம்பர் 31-ல் மேற்கு வங்கத்திடம் 0-1 எனத் தோற்றது. பலமான டீமோட ஒரே குரூப்பில் விழுந்ததுக்கு மத்த டீம்கள் என்ன தப்பு செஞ்சுது?

அதுக்காக 'ரெண்டாவது இடத்தில் சிறந்தவர்' விதி ரொம்ப நியாயம்னும் சொல்ல முடியாது. வேற வேற குரூப்பில் ஆடியவங்களை ஒப்பிடும்போது பாயின்ட் சமமானா கோல் கணக்குதான் பேசும். உங்க குரூப்பில் பலவீனமான டீம் இருந்தா கொட்டிக்கலாம். இல்லேன்னா உங்க நேரம்!

'மைதானத்துக்கு வெளியே ஒரு கமிட்டி உட்கார்ந்து நல்ல டீமா பொறுக்கி எடுக்கட்டுமே'னு தோணுதா? அமெரிக்காவில் அதைச் செஞ்சு பார்த்துட்டாங்க. அங்கே ஃபுட்பால்னா கையில் பந்தோடு முட்டி மோதி ஓடும் ஆட்டம். காலேஜ் டீம்களின் பிளே ஆஃபுக்கு 2014 சீசன் முதல் 13 பேர் கொண்ட கமிட்டி நாலு டீமைத் தேர்ந்தெடுத்தது. 2023-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் ஆடிய 13 மேட்ச்சும் ஜெயித்தும் வெளியே. ஒரு மேட்ச் தோற்ற அலபாமா உள்ளே. ஃப்ளோரிடாவின் முக்கிய வீரர் ஜோர்டன் டிராவிஸ் காயம்பட்டதால் டீமின் பலம் குறைஞ்சுடுச்சுன்னு காரணம் சொன்னாங்க. அதன் பிறகு ஃப்ளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 3-63 எனச் சிதறியது. 'பார்த்தீங்களா, நாங்க சொன்னது சரி'ன்னு ஒரு கூட்டம். 'மனசு உடைஞ்சு, பாதிப் பேர் ஆட வராத டீம் வேற எப்படி ஆடும்?'னு இன்னொரு கூட்டம்.

2024-ல் இடங்களை 12 ஆக்கினாங்க. எட்டாவது இடத்தில் இருந்து நுழைந்த ஒஹையோ ஸ்டேட் கோப்பையையே தூக்கிடுச்சு. நாலு டீம் விதி தொடர்ந்திருந்தா அந்த டீம் டிவியில்தான் மேட்ச் பார்த்திருக்கும்.

என் ஓட்டு கமிட்டிக்கு இல்லை. நம்ம ஊரில் 13 பேர் ஒரு ரூமில் உட்கார்ந்தா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். காரைக்கால் பையனின் மேட்ச்சை அவங்க எங்கே பார்க்கப் போறாங்க?

எனக்குப் பிடிச்ச வழி கிரிக்கெட்டில் இருக்கு. புதுச்சேரி ரஞ்சி டிராபிக்குள் நுழைந்தது 2018-19 சீசனில்தான். பிளேட் குரூப்பில் பீகார், உத்தரகாண்ட், நாகாலாந்து உட்பட ஒன்பது புது டீம்கள். ஆளுக்கு எட்டு மேட்ச்! தோற்றாலும் அடுத்த வாரம் இன்னொரு மேட்ச் இருக்கு. அதுவும் சம பலமுள்ள டீமோடு. 2024 ஜனவரியில் இதே புதுச்சேரி, டெல்லியை அவங்க கோட்டையிலேயே ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. (வெளிமாநில வீரர்களும் அந்த டீமில் இருந்தாங்க. முக்கியமா ஏழு விக்கெட் எடுத்த கௌரவ் யாதவ். அது தனிப் பஞ்சாயத்து.)

பிளேட்டிலும் முதலில் சொதப்பினாங்க. பிளேட்டில் முதலிடம் பிடிச்ச டீமை நேரா நாக் அவுட்டில் தள்ளினாங்க. 2022-ல் நாகாலாந்துக்கு எதிரா ஜார்க்கண்ட் முதல் இன்னிங்ஸில் 880 ரன் குவிச்சு, கடைசியில் மொத்த முன்னிலையை 1,008 ரன்னுக்குக் கொண்டுபோனது. அதுக்குப் பிறகுதான் பிளேட் ஃபைனலில் ஆடும் ரெண்டு டீமும் அடுத்த சீசனில் எலீட்டுக்கு ஏறலாம்னு மாத்தினாங்க. இப்படி ஒவ்வொரு படியா ஏறுவதுதான் சரின்னு எனக்குப் படுது. சந்தோஷ் டிராபியிலும் ரெண்டு அடுக்கு வந்தா, புதுச்சேரியும் லட்சத்தீவும் கேரளாவிடம் 7, 10-னு வாங்குறதுக்குப் பதிலா ஜெயிக்கக்கூடிய மேட்ச்களை நிறைய ஆடலாம். வேலைக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பி ஆடும் பையனுக்கு, ஆள் தேடி வர்றவங்க கண்ணில் பட மூணு மேட்ச்சைவிட எட்டு மேட்ச் எவ்வளவோ மேல்.

காலேஜ் லெவலிலும் இதே கதைதான். யுனிவர்சிட்டிகளுக்கு இடையிலான ஃபுட்பாலில் நாடு நாலு மண்டலமா பிரிந்திருக்கு. மண்டலத்துக்கு நாலு டீம் அகில இந்தியச் சுற்றுக்குப் போகும். தென் மண்டலத்தில் கோழிக்கோடு மாதிரி பலமுறை அகில இந்திய சாம்பியனான யுனிவர்சிட்டி இருக்கு. ஆரம்பச் சுற்றுகள் நாக் அவுட் என்பதால், முதல் மேட்ச்சே அவங்களோடன்னா 90 நிமிஷத்தில் பேக்கைக் கட்டிடலாம். அதனால அடுத்த முறை உங்க காலேஜ் பசங்க ஜெர்ஸி போட்டோவை ஸ்டேட்டஸ் வெச்சா, ஹார்ட் விடுறதுக்கு முன்னாடி டிரா ஷீட்டை அனுப்பச் சொல்லுங்க.