குன்னூரில் எழுதப்பட்ட குடலின் கதை

குடல் நலம் பற்றிய இன்றைய பேச்சு பெரும்பாலும் குப்பியில் வரும் தயிர்ப் பானங்களையும் மாத்திரைகளையும் சுற்றியே நடக்கிறது. நல்ல நுண்ணுயிர்கள் குறைந்துவிட்டன, வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பிவிடலாம் என்பது அந்தப் பேச்சின் கணக்கு. நூறாண்டுக்கு முன் நீலகிரி மலையில் ஒருவர் வேறு கணக்குப் போட்டார். குடலுக்குள் என்ன கிருமி வருகிறது என்பதற்கு முன்னால், வருவதைத் தாங்கும் வலு குடற்சுவருக்கு இருக்கிறதா என்று அவர் கேட்டார். அந்த வலுவைத் தருவது அன்றாடம் தட்டில் விழும் உணவு என்று விடையும் கண்டார். அவருடைய முடிவுகளில் பிழைகள் உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான இடத்தில் தொடங்கியது. அதனால்தான் அந்த வரலாற்றை நாம் மறந்திருப்பது வருந்தத்தக்கது.

ராபர்ட் மெக்காரிசன் அயர்லாந்தின் வட பகுதியில் பிறந்து, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். 1904 முதல் 1911 வரை, அன்றைய இந்தியாவின் வட எல்லை மலைப்பகுதியான கில்கிட்டில் மருத்துவராக இருந்தார். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். கைகால் மரத்து, இதயம் தளர்ந்து உயிரையே வாங்கும் அந்த நோய், நன்கு தீட்டிய பச்சரிசியை நம்பி வாழ்ந்த வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடலோரத்தில், மிகுதியாக இருந்தது. நரம்பு நோயைத் தேடிப் போன மெக்காரிசனின் கண்ணில் குடல் பட்டது. உயர் அழுத்த நீராவியில் வேகவைத்து உயிர்ச்சத்து அழிக்கப்பட்ட அரிசியைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கு வயிற்றுப்போக்கும் சீதபேதியும் கண்டன. இறந்தவற்றை அறுத்துப் பார்த்தபோது குடற்சுவர் மெலிந்தும் வீங்கியும் புண்பட்டும் இருந்தது. கிருமிகள் திசுவுக்குள் ஊடுருவியிருந்தன. நல்ல உணவு பெற்ற குரங்குகளோ குடல்நோய் இல்லாமல் வாழ்ந்தன. நோய்க்குக் காரணம் என்றாலே கிருமியை மருத்துவம் முதலில் தேடிய காலத்தில், கிருமிக்கு வாசலைத் திறந்துவிடுவது சத்துக்கெட்ட உணவு என்று அவர் 1921இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஆற்றிய உரையில் வாதிட்டார். இந்த வேலையில் மிகுந்த மதிப்புடையதாக நான் கருதுவது இந்த ஒரு கண்டுபிடிப்பையே.

ஒரு மறுப்பு உடனே எழும். நீராவி அழித்தது உயிர்ச்சத்தை. நார்ச்சத்தை அது தொடவில்லை. இன்றைய குடல் ஆய்வு நாரையும் நுண்ணுயிரையும் பற்றிப் பேசுகையில், அந்தக் குரங்குகளைச் சாட்சிக்கு அழைப்பது முறையா? நாருக்குச் சாட்சியாக அழைப்பது முறையில்லைதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்க்க முடிந்த அந்த இரண்டும் நெல்லில் சேர்ந்தே இருக்கின்றன. பெரிபெரியைத் தடுக்கும் தயமின் என்ற உயிர்ச்சத்தும் நாரும் தவிட்டில்தான் மிகுதி. உரலும் உலக்கையும் குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பங்கு தங்கியது. ஆலை தீட்டிய அரிசியில் இரண்டும் ஒரே அடியாகப் போயின. புழுங்கல் அரிசியையும் இங்கே சொல்ல வேண்டும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியைப் பெரிபெரியிலிருந்து காத்தது இந்தப் பழக்கம்தான். அதற்காகப் புழுங்கல் அரிசி குடலுக்கும் காவல் என்று சொல்லிவிட முடியாது. தீட்டினால் நார் தவிட்டோடு போகத்தான் செய்கிறது. மெக்காரிசன் பார்த்த ஒழுங்கு நார் விஷயத்திலும் இருக்கிறது என்பதற்குத் தனிச் சான்று வேண்டியிருந்தது. 2016இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் பங்கேற்ற எலி ஆய்வு ஒன்றில் அது கிடைத்தது. நார் இல்லாத உணவில் குடல் நுண்ணுயிர்கள் பசியில் குடலின் சளிப்படலத்தையே அரித்துத் தின்றன. படலம் மெலிந்ததும் நோய்க்கிருமி எளிதில் தாக்கியது. சுவர் முதலில் பலவீனப்படுகிறது, பகை பிறகு நுழைகிறது என்ற குன்னூர் வரிசையே அங்கும் வந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு அவருடைய ஹன்சா கதையைப் பற்றியது. கில்கிட்டுக்கு அருகே ஹன்சா மக்களிடம் வயிற்றுப்புண்ணும் குடல்வால் அழற்சியும் பெருங்குடல் அழற்சியும் தாம் காணவில்லை என்று அவர் சொன்னார். நோயே அறியாத மக்கள் என்ற மயக்கம் அதிலிருந்து உலகெங்கும் பரவியது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே மருந்தகம் நடத்திய அமெரிக்கரான ஜான் கிளார்க் சீதபேதியையும் குடற்புழுவையும் மலேரியாவையும் கண்டு எழுதினார். எனவே ஹன்சாவை ஆதாரமாக வைத்து இன்று எவரும் வாதிடக் கூடாது. மெக்காரிசனின் வாதத்தில் அந்தப் பகுதி உதிர்கிறது. அறுத்துப் பார்த்த குடல்களின் சாட்சி உதிரவில்லை.

நமக்கு நெருக்கமான சிக்கல் இன்னொன்று. பிற்காலத்தில் அவர் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் கலந்த சீக்கிய உணவு முதலிடம் பெற்றது. அவர் மதராசி உணவு என்று பெயரிட்டது கடைசிக்குப் போனது. போர்க்குணமுள்ள இனங்கள் என்று ஆங்கில அரசு வகுத்த ஏணியோடு இந்த வரிசை பெரும்பாலும் பொருந்துவது ஐயத்தைக் கிளப்புகிறது. அந்த மதராசித் தட்டில் இருந்தது தீட்டிக் கழுவி வடித்த சோறு. பாலும் கீரையும் அதில் மிகக் குறைவு. அதை ஒரு மக்களின் மரபு என்று பெயரிட்டதுதான் தவறு. அது அவர்களுடைய வறுமையின் தட்டு. கேழ்வரகும் கம்பும் முருங்கைக் கீரையும் மோரும் இதே சென்னை மாகாணத்தின் உணவுகள்தாம். 1935இல் அவருக்குப் பின், அந்தப் பெரிபெரி விசாரணையிலிருந்து வளர்ந்த குன்னூர் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டு, தென்னிந்தியக் குடும்பங்கள் உண்மையில் என்ன சாப்பிடுகின்றன என்று கணக்கெடுக்க வைத்தார். அரிசி, சிறுதானியம், கீரை, பருப்பு என ஒவ்வொன்றின் சத்தையும் அளந்து 1937இல் அட்டவணையாக வெளியிட்டார். கூடம் 1958இல் ஹைதராபாதுக்குப் போனது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் அது அங்கே இன்றும் அந்த அட்டவணையைத் திருத்தி வெளியிட்டு வருகிறது.