துறவு பூண்ட மேசை

மரம் வெட்டுண்டு பலகையான பின்னும் ஒருவகையில் உயிரோடிருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் உண்டு பருக்கிறது. அக்கினி நட்சத்திர வெயிலில் சுருங்குகிறது. அம்மரத்தின் இயல்பை அறிந்து, அதனோடு செய்யும் வேலையையே செபமாக்கிக்கொண்ட ஒரு சபையாரின் வரலாற்றைச் சற்றே சிந்திப்போம். அவர்கள் நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும், அவர்கள் விட்டுச்சென்ற சிறு மேசையொன்று, தச்சர் என்று அழைக்கப்பட்ட ஆண்டவரை வணங்கும் நம்மிடம் ஒரு வினாவை எழுப்புகிறது.

1736 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு கொல்லரின் மகளாகப் பிறந்தவர் ஆன் லீ. எழுத்தறியாதவர், பஞ்சாலையில் பாடுபட்டவர், பெற்ற நான்கு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். 1774 இல் எட்டுப் பேருடன் கடல்கடந்து அமெரிக்கா சென்றார். வழிபாட்டின்போது உடல் நடுங்க ஆடிப்பாடியமையால், 'நடுங்குவோர்' என்னும் பொருளில் உலகம் அவர்களை ஷேக்கர்கள் என்றது. 1784 இல் அவர் மறைந்த பின், ஜோசப் மீச்சம் என்பாரும் லூசி ரைட் என்னும் பெண்மணியும் சபையைக் கட்டியெழுப்பினர். மணத்துறவு, பொதுவுடைமை, பாவ அறிக்கை, நிர்வாகத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிநிகர் இடம் ஆகியவை அவர்தம் வாழ்வின் தூண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ 20 குடியிருப்புகளில் சில ஆயிரம் பேர் இந்நெறியில் வாழ்ந்தனர். ஆன் லீயைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த கோட்பாட்டை நம் விசுவாசம் ஏற்பதில்லை. ஆனால் அவர்களுடைய உழைப்பின் ஒழுக்கம் நம் துறவு மடங்களின் ஒழுக்கத்துக்கு மிக நெருங்கியது.

உழைப்பையும் வழிபாட்டையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. கைகள் வேலையிலும் உள்ளம் இறைவனிடத்திலும் இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் நெறி. சபை மூப்பர்களும் கைத்தொழில் செய்தனர். நாற்காலிகளைச் சுவரில் வரிசையாக அடித்த முளைகளில் மாட்டிவிட்டுத் தரையைப் பெருக்கினர். 1845 இல் எழுதப்பெற்ற அவர்களுடைய ஒழுங்குமுறை, வெறும் அழகுக்கெனச் செதுக்கும் வளைவுகளையும் விளிம்பு வேலைப்பாடுகளையும் விலக்கியது. பயனில்லாத எதையும் மரத்தின்மேல் ஏற்றாதே என்பதே அதன் கருத்து.

அவர்கள் செய்த நான்கு கால் சிறு மேசையைப் பாருங்கள். செதுக்குச் சிற்பம் இல்லை, பூவேலை இல்லை. கால்கள் மேலே சதுரமாகத் தொடங்கிக் கீழே மெலிகின்றன. ஆனால் உட்புறத்து இரு முகங்களை மட்டுமே சரிவாக இழைப்பார்கள்; வெளிமுகங்கள் நேராகவே நிற்கும். ஆகவே மேசை கண்ணுக்கு இலேசாகத் தோன்றினும் உறுதியாய் நிற்கிறது. கால்களை இணைக்கும் சட்டங்களின் முனைகளை நாக்குப்போல் செதுக்கி, காலில் தோண்டிய துளைக்குள் செலுத்திப் பொருத்துவார்கள். மேற்பலகையை ஆணியால் இறுக அறைவதில்லை. அறைந்தால் பருவந்தோறும் பருக்கவும் சுருங்கவும் இடமின்றிப் பலகை நாளடைவில் பிளந்துவிடும். ஆகவே சட்டத்தின் உட்புறத்தில் ஒரு சிறு பள்ளம் வெட்டி, பலகையின் அடியில் திருகிய மரத்துண்டுகள் அப்பள்ளத்தில் நகருமாறு அமைக்கலாம். மரத்தை அடக்கி ஆளாமல் அதன் இயல்புக்கு இடம் கொடுக்கும் வேலை இது. இவற்றுள் எதுவும் விருந்தினர் கண்ணில் படுவதில்லை. மேசையின் ஆயுளோ இந்த மறைவிடங்களிலேயே இருக்கிறது.

இவ்வழகைத் தெளிவாக உணர்ந்த கத்தோலிக்கர் ஒருவர் உண்டு. கெண்டக்கி மாநிலத்தின் கெத்செமனி மடத்தில் 1941 இல் சேர்ந்த டிராப்பிஸ்ட் துறவி தாமஸ் மெர்ட்டன். அம்மாநிலத்திலேயே ஷேக்கர்கள் வாழ்ந்து மறைந்த பிளெசன்ட் ஹில் என்னும் சிற்றூர் இருந்தது. அங்குச் சென்று வெறுமையான அக்கட்டடங்களை அவர் படம் பிடித்தார். ஷேக்கர் மரவேலை பற்றி 1966 இல் வெளிவந்த நூலுக்கு முன்னுரையும் எழுதினார். அதே மெர்ட்டன் 1968 நவம்பர் இறுதியில் சென்னைக்கு வந்தார், பரங்கிமலையைத் தரிசித்தார். அடுத்த மாதம் 10 ஆம் நாள் பாங்காக் அருகே இறையடி சேர்ந்தார்.

பரங்கிமலையும் மரவேலைக்கு அந்நியமான இடம் அன்று. தோமையார் பணிகள் என்னும் பழைய நூல் திருமறை நூல்களுள் ஒன்றன்று. எனினும், அந்நூல் காட்டும் அப்போஸ்தலர் ஏரும் நுகமும் படகும் துடுப்பும் செய்யத் தெரிந்த தச்சராகவே இந்தியாவுக்கு வருகிறார். அவருடைய ஆண்டவரையும் ஊரார் தச்சர் என்றே அறிந்திருந்தனர் (மாற்கு 6:3). அவர் கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித ஜஸ்டின் குறித்துள்ளார். 1955 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக்கினார். 1981 இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றியே ஒரு சுற்றுமடல் வரைந்தார்.

பரங்கிமலையிலிருந்து புறப்படும் சாலை பூந்தமல்லிக்குச் செல்கிறது. அங்கிருந்து ஆவடியும் அம்பத்தூரும் தொலைவில் இல்லை. 1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. 1964 இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. பல மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் இங்குக் குடியேறினர். கடைசல் பொறியில் மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடையும் கைகள் இவ்வட்டாரத்தில் ஏராளம். ஆயினும் அக்கைகளுக்கு உரியவரே தம் பிள்ளைகளிடம், 'என்னைப்போல் கையில் எண்ணெய் படாமல் மேசை வேலைக்குப் போ' என்று சொல்லக் கேட்கிறோம். மேசையில் அமர்வது உயர்வு, மேசையைச் செய்வது தாழ்வு என்னும் எண்ணம் நம் வீடுகளிலும் குடியிருக்கிறது. தச்சுத் தொழில் இன்ன குலத்தாருக்கு உரியது என்ற பழைய பிரிவினை அதற்கு அடிப்படை. ஞாயிறுதோறும் தச்சரை ஆண்டவர் என்று அறிக்கையிடும் நாம், திங்களன்று தச்சரை எப்படி நடத்துகிறோம்? ஷேக்கர் மேசை நம்மிடம் எழுப்பும் வினா இதுவே.

வாதத்தைவிடச் செயல் இதற்கு நல்ல மறுமொழி. புதுத் தேக்கு வாங்கப் பொருள் போதாது எனின், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தேக்குச் சட்டங்கள் உண்டு; வேம்பும் பூவரசும் உண்டு. நன்றாக உலர்ந்த மரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 18 அங்குலச் சதுரப் பலகையும் 26 அங்குல உயரமும் கட்டிலருகே வைக்கப் போதும். கால்கள் மேலே ஒன்றேகால் அங்குலமாகத் தொடங்கிக் கீழே முக்கால் அங்குலமாக மெலியலாம். ரம்பம், இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் ஆகியவை இருந்தால் வேலை நடக்கும். அண்டை வீட்டுத் தச்சரை அழைத்து, கூலிக்காரராக அன்றி ஆசிரியராக அமர்த்திக் கற்றுக்கொள்ளலாம். உளி பிடிக்கும் பிள்ளை, ஒரு துளையைச் சதுரமாகத் தோண்டுவது எத்துணை அரிது என்பதை முதல் நாளிலேயே உணரும். அந்த உணர்வு வந்த பின் தச்சரை 'ஏய்' என்று அழைக்க அதன் நா எழாது.

அப்படியாயின் நம் பீடங்களின் சிற்பங்களும் தேர்களின் வேலைப்பாடும் வீணோ என ஒருவர் கேட்கலாம். வீணல்ல. அவை இறைவனுக்கு நாம் படைக்கும் காணிக்கை. அவற்றைச் செதுக்கியவரின் செபம் அவற்றில் உறைகிறது. அலங்காரம் பாவம் என்ற ஷேக்கர்களின் கடுமையை நாம் மேற்கொள்ள வேண்டியதில்லை. பகட்டுக்காகக் கடன்பட்டு வாங்கிச் சில ஆண்டுகளில் ஈரத்தில் ஊதிப்போகும் பொருள்களால் வீட்டை நிரப்பாதிருக்க அவர்களிடம் கற்கலாம்.

ஷேக்கர் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிட்டன. மேய்ன் மாநிலத்தின் சபத்டே லேக் என்னும் ஊரில் மட்டும் விரல்விட்டு எண்ணத்தக்கவர் எஞ்சியுள்ளனர். வறிய எளிமைக்கென அவர்கள் செய்த மேசைகளை இன்று செல்வர்கள் ஏலத்தில் பெருந்தொகைக்கு எடுக்கின்றனர். எளிமையையும் பகட்டாக்கிவிட உலகம் அறியும். அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் விலைக்கு அகப்படாதது. அதைக் கையால் செய்துதான் பெற முடியும். வரும் சூசையப்பர் திருநாளுக்குள் தந்தையும் தாயும் பிள்ளைகளும் கூடி ஒரு சிறு மேசை செய்வோமாக. அதன்மேல் திருவிவிலியத்தையும் ஒரு விளக்கையும் வைத்து, அதைச் சுற்றி மாலைச் செபம் சொல்வோமாக.